ஆசிரியர் சேவையின் ஏணியும் எமது பிள்ளைகளின் வகுப்பறையும்

தவணைப் பரீட்சைப் பெறுபேறு வந்தவுடன் எமது வீடுகளில் முதலில் எழும் கேள்வி, “கணிதத்துக்கு எந்த சேர்?” என்பதுதான். பாடசாலையின் பெயர், மாடிக் கட்டடம், கணினி அறை எல்லாம் அதற்குப் பிறகுதான் பேச்சுக்கு வரும். பாடசாலைக்குள் இருக்கும் காரணிகளில் பிள்ளையின் கற்றலைக் கூடுதலாகத் தீர்மானிப்பவர் ஆசிரியரே என்பதைக் கல்வி ஆய்வாளர்களும் நீண்ட காலமாகச் சொல்லி வருகின்றனர். ஆனால் அந்த ஆசிரியர் எவ்வாறு உருவாகிறார், எதைச் செய்தால் அவருக்குப் பதவியுயர்வு கிடைக்கிறது, நன்றாகக் கற்பித்துக் கொண்டிருந்தவர் ஏன் திடீரென வகுப்பறையை விட்டுப் போகிறார் என்ற கேள்விகளை நாம் கேட்பது குறைவு. அவற்றுக்கான விடைகள் பெரும்பாலும் ஆசிரியரின் தனிப்பட்ட குணத்தில் இல்லை. சேவைப் பிரமாணக் குறிப்பிலும் சுற்றுநிருபங்களிலும் சம்பளப் பட்டியலிலும் இருக்கின்றன.

இலங்கையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகளும், அவற்றில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்களும் உள்ளனர். முஸ்லிம் பாடசாலைகள் மட்டும் 800க்கும் மேற்பட்டவை. அரச ஊழியர்களில் மிகப் பெரிய பிரிவுகளில் ஒன்றாகிய இவர்களின் தொழில் வாழ்க்கை எந்த விதிகளின்படி நகர்கிறது என்பது, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பத்தோடும் தொடர்புடைய விடயமாகும்.

சேவை உருவான விதம்

ஆசிரியர்களுக்கென முறையான தேசிய சேவையொன்று இந்நாட்டில் மிகவும் பிந்தியே உருவானது. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை ஆசிரியர் சேவை அமைக்கப்பட்டது 1994 ஒக்டோபர் 6 ஆம் திகதி. உலகின் பல நாடுகள் ஒக்டோபர் 5 இல் ஆசிரியர் தினம் கொண்டாட, நாம் 6 இல் கொண்டாடுவது இதனால்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் பயிற்றப்பட்டோர், பயிற்றப்படாதோர், பட்டதாரிகள், தொண்டர் ஆசிரியர்கள் எனப் பல வகையினர் பல வகைச் சம்பளங்களுடன் ஒரே பாடசாலையில் அருகருகே கற்பித்து வந்தனர்.

ஆசிரியர் உருவாக்கத்தில் பெரிய மாற்றம் எண்பதுகளில் நிகழ்ந்தது. 1985 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய கல்வி நிறுவகமும், 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய கல்வியியற் கல்லூரிகளும் உருவாயின. அதற்கு முன்னர் நியமனம் முதலிலும் பயிற்சி பின்னரும் என்ற வழக்கமே மேலோங்கியிருந்தது. சில வருடங்கள் கற்பித்த பின்னரே ஆசிரியர் கலாசாலைக்குச் செல்ல வாய்ப்புக் கிடைக்கும். கல்வியியற் கல்லூரி இந்த வரிசையை மாற்றியது. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெற்றவர் இரண்டு வருடங்கள் விடுதியில் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையொன்றில் கட்டுறு பயிற்சி பெற்று, அதன் பின்னரே நியமனம் பெறுகிறார். அட்டாளைச்சேனை, மட்டக்களப்பு, வவுனியா, யாழ்ப்பாணம், தர்கா நகர், பத்தனை ஸ்ரீபாத ஆகிய கல்லூரிகளிலிருந்து வெளியேறியவர்கள் இல்லாவிட்டால் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் இன்று என்ன நிலையில் இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். இந்நாட்டுக் கல்விக் கொள்கைகளில் உண்மையில் பலன் தந்தவற்றுள் இதுவும் ஒன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இதற்குச் சமாந்தரமாக இன்னொரு வாசலும் திறந்தே இருந்தது. வேலையற்ற பட்டதாரிகளின் போராட்டம் வலுக்கும் போதெல்லாம் அரசாங்கங்கள் அவர்களைப் பாடசாலைகளுக்கு அனுப்பின. 2020 இல் நியமிக்கப்பட்ட பட்டதாரிப் பயிலுனர்களில் பெருந்தொகையினர் பாடசாலைகளில் இணைக்கப்பட்டு, பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பணியாற்றிக்கொண்டே ஆசிரியர் சேவையில் உள்ளீர்க்குமாறு கோரி வந்தனர். இவர்களில் திறமையானவர்கள் நிறையவே இருக்கின்றனர். ஆயினும் பாடசாலைக்கு எந்தப் பாடத்துக்கு ஆள் தேவை என்ற கணக்கிலிருந்து தொடங்காமல், யாருக்கு வேலை தேவை என்ற கணக்கிலிருந்து தொடங்கும் நியமனம் வகுப்பறையின் குறையை நிரப்புவதில்லை. கலைப் பட்டதாரிகள் மேலதிகமாகவும், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தகவல் தொழினுட்பம் ஆகியவற்றுக்கு ஆசிரியர் பற்றாக்குறையாகவும் ஒரே வலயத்தில் இருப்பதற்கு இதுவே பிரதான காரணம். நாடளாவிய ரீதியில் பார்த்தால் ஏறத்தாழ 18 மாணவருக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். இந்தச் சராசரியை மட்டும் பார்ப்பவர் பற்றாக்குறை இருக்கிறது என்பதை நம்பவே மாட்டார்.

ஏணியின் படிகள்

2014 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியான பிரமாணக் குறிப்பே இன்றைய ஆசிரியர் சேவையின் அடிப்படையாகும். தரம் 3-II, 3-I, 2-II, 2-I, தரம் 1 என்று ஐந்து படிகள். கல்வியியற் கல்லூரி டிப்ளோமா, பட்டம், பட்டத்துடன் கல்வித் தகைமை என்று நுழையும்போது உள்ள தகைமையைப் பொறுத்து ஆரம்பப் படி வேறுபடும். அடுத்த படிக்குச் செல்லக் குறித்த வருடங்கள் திருப்திகரமான சேவை, வருடாந்தச் சம்பள ஏற்றங்களைப் பெற்றிருத்தல், உரிய மொடியூல்களைப் பூர்த்தி செய்தல், மேற்படிக்கு உரிய கல்வித் தகைமை ஆகியன வேண்டும்.

கடதாசியில் இது நல்ல ஏற்பாடு. பழைய வினைத்திறன் தடைப் பரீட்சையில் மனப்பாடம் செய்து எழுதுவதைவிட, கற்பித்தலோடு தொடர்புடைய மொடியூல்களைச் செய்வது ஆசிரியருக்குப் பயன்தரும் என்ற எண்ணம் சரியானதே. நடைமுறையில் என்ன நடந்தது என்பது ஆசிரியர் ஓய்வறையில் அரை மணித்தியாலம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். ஒப்படைகள் கைமாறுகின்றன. முன்னைய பிரிவினர் எழுதியதன் பிரதி அடுத்த பிரிவினருக்கு வருகிறது. ‘புரஜெக்ட்’ செய்து கொடுக்க ஆட்களும் இருக்கின்றனர். செயலாற்றுகை மதிப்பீட்டுப் படிவம் வருடந்தோறும் நிரப்பப்படுகிறது. சம்பள ஏற்றம் நிறுத்தப்படுவது மிக அரிது. ஆக, ஒருவர் எட்டாம் வகுப்புக்குப் பின்னத்தை எப்படிக் கற்பிக்கிறார் என்பதை யாரும் வகுப்பறைக்குள் உட்கார்ந்து பார்க்காமலேயே அவர் தரம் 1 வரை சென்றுவிட முடியும். அதேபோல, மிகச் சிறப்பாகக் கற்பிக்கும் ஒருவர் ஒரு கடிதம் அலுவலகக் கோப்பில் தங்கிவிட்டதால் பதவியுயர்வு பின்தள்ளப்பட்டு, நிலுவைச் சம்பளத்துக்காக வலயக் கல்வி அலுவலகத்துக்கு அலைந்து கொண்டிருக்கவும் முடியும்.

ஆசிரியர்களைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தத் தொழிலிலும் மனிதர் எதற்கு மதிப்பளிக்கப்படுகிறதோ அதைச் செய்வார்கள். சான்றிதழுக்கும் வருடத்துக்கும் புள்ளி கொடுத்தால் சான்றிதழும் வருடமும் சேரும். பொருளாதார நெருக்கடியின் போது, 2022 ஜூனில் வெளியான 14/2022 ஆம் இலக்க பொது நிருவாகச் சுற்றுநிருபம், அரச ஊழியர் ஐந்து வருடங்கள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அனுமதித்தது. சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை என்றும் சொன்னது. குடும்பங்கள் பட்ட கஷ்டத்தைப் பார்க்கையில் அந்த முடிவில் நியாயம் இருந்தது. ஆனாலும் வகுப்பறைக்குள் கால் வைக்காத வருடங்களும் மூப்பாகவே கணிக்கப்படும் ஒரு சேவையில் ‘அனுபவம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

மேலே போக வேண்டுமானால் வெளியே போக வேண்டும்

இந்த ஏணியின் மிகப் பெரிய குறை இதைவிட ஆழமானது. தரம் 1 ஐ அடைந்த ஆசிரியருக்கு வகுப்பறைக்குள் அடுத்த படி என்று எதுவும் கிடையாது. சமூக மரியாதையும் கூடுதல் சம்பளமும் அதிகாரமும் வேண்டுமானால் அதிபர் சேவைப் போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். அல்லது கல்வி நிருவாக சேவை, ஆசிரியர் கல்வியியலாளர் சேவை, ஆசிரிய ஆலோசகர் பதவி என்று ஒன்றைத் தேட வேண்டும். இவை ஒவ்வொன்றும் தேவையான சேவைகளே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் செல்பவர் ஒரு வகுப்பறையை விட்டே செல்கிறார்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். அம்பாறை மாவட்டத்துக் கரையோரக் கிராமமொன்றின் பாடசாலை. கல்வியியற் கல்லூரியில் கணிதம் பயின்று வந்த ஓர் ஆசிரியை அங்கே பன்னிரண்டு வருடங்களாகச் சாதாரண தர வகுப்புக்குக் கற்பிக்கிறார். அவர் வருமுன் கணிதத்தில் சித்தியடைந்தோர் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவர். இப்போது வகுப்பில் பெரும்பாலானோர் சித்தியடைகின்றனர். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறும் என்பது அவருக்கு அத்துப்படி. அவருக்கு அதிபர் சேவை கிடைக்கிறது. பிரதி அதிபராக இன்னொரு பாடசாலைக்குச் செல்கிறார். அங்கே அவருடைய நாள், இடாப்பு, கட்டட ஒப்பந்தக்காரர், வலயக் கூட்டம், விளையாட்டுப் போட்டி என்று கழிகிறது. விட்டு வந்த வகுப்புக்கு இரண்டு தவணைகள் ஆசிரியர் இல்லை. அந்தப் பன்னிரண்டு வருட அறிவு எந்தப் புதிய ஆசிரியருக்கும் கையளிக்கப்படவில்லை. கையளிப்பதற்கான ஏற்பாடும் இல்லை.

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. உழைப்புக்கு உயர்வு தேடுவது அவரது உரிமை. அந்த உயர்வை வகுப்பறைக்குள்ளேயே தர எமது கொள்கை தவறிவிட்டது.

சிங்கப்பூர் இதற்கு வேறொரு வழி கண்டது. அங்கு 2001 முதல் ஆசிரியருக்கு மூன்று தடங்கள் உண்டு: கற்பித்தல் தடம், தலைமைத்துவத் தடம், சிறப்பறிஞர் தடம். கற்பித்தல் தடத்தில் செல்பவர் மூத்த ஆசிரியர், முன்னணி ஆசிரியர், தேர்ச்சிமிகு ஆசிரியர், அதற்கும் மேலே முதன்மைத் தேர்ச்சிமிகு ஆசிரியர் என்று உயரலாம். பாடசாலை நிருவாகியாகாமலேயே நிருவாகிக்கு நிகரான சம்பளத்தையும் மதிப்பையும் எட்ட முடியும். உயர்ந்தவர் தன் வகுப்போடு நின்றுவிடுவதில்லை. இளம் ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதும், தன் வகுப்பை மற்றவர் பார்க்கத் திறந்து வைப்பதும் அவருடைய கடமைகள். வருடத்துக்கு 100 மணித்தியாலம் வரை தொழில் விருத்திக்குப் பயன்படுத்தும் உரிமையும் அங்குள்ள ஆசிரியருக்கு உண்டு. அந்நாட்டில் தமிழும் ஓர் உத்தியோகபூர்வ மொழி என்பதால் தமிழாசிரியர்களும் இதே தடத்தில் உயர்கின்றனர்.

சிங்கப்பூரை அப்படியே பிரதி எடுக்க முடியாது. சிறிய நாடு, நல்ல சம்பளம், மாகாணங்கள் கிடையாது. எமது நாட்டில் 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின் தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சிடமும் ஏனையவை மாகாண சபைகளிடமும் உள்ளன. ஒரே சேவைக்குரிய ஆசிரியருக்கு இரண்டு நிருவாகங்கள். எனினும் ‘தேர்ச்சிமிகு ஆசிரியர்’ என்ற ஒரு படியைத் தரம் 1 இற்கு மேலே உருவாக்க இவற்றில் எதுவும் தடையாக இருப்பதாகத் தெரியவில்லை.

தமிழகத்தில் விவாதம் வேறு திசையில் செல்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வு குறித்து இந்திய உச்ச நீதிமன்றம் 2025 செப்டெம்பர் 1 இல் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து வருடங்களுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு வருடங்களுக்குள் அத்தேர்வில் தேற வேண்டும். ஐந்து வருடங்களுக்குக் குறைவாக உள்ளவர்கள் தேறாமலேயே பணியில் தொடரலாம். ஆனால் பதவியுயர்வு கிடையாது. சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனங்களுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது. முஸ்லிம் அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகள் அந்த முடிவுக்காகக் காத்திருக்கின்றன. தரத்தைத் தேர்வினால் காக்கலாம் என்ற நம்பிக்கை அதன் பின்னே இருக்கிறது. நுழைவாசலில் தேர்வு தேவைதான். இருபது வருடங்கள் கற்பித்தவரின் கற்பித்தலை ஒரு விடைத்தாளினால் அளக்க முடியுமா என்பது வேறு கேள்வி; எமது மொடியூல் கதையைப் பார்த்தவர்கள் அதற்குத் தயங்கித்தான் பதில் சொல்வார்கள்.

செயலமர்வுகள் ஏன் வகுப்பறையை மாற்றுவதில்லை

2007 இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் ஆறாம், பத்தாம் தரங்களில் அறிமுகமானபோது ‘5E’ என்ற கற்பித்தல் முறை வந்தது நினைவிருக்கும். ஆசிரியர் விரிவுரை செய்வதைக் குறைத்து, மாணவர் தேடிக் கண்டறிந்து விளக்க வேண்டும் என்பது அதன் சாரம். எண்ணம் சிறந்ததே. பயிற்சி வந்த வழிதான் பிரச்சினை. மஹரகமவில் தேசிய கல்வி நிறுவகத்தினர் மாகாண வளவாளருக்குப் பயிற்சி கொடுக்க, அவர்கள் வலய ஆலோசகருக்குக் கொடுக்க, அவர்கள் சில நாட்களில் ஆசிரியர்களுக்குக் கொடுத்து முடித்தனர். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்திக்கொண்டே வந்த தண்ணீர் போல, வகுப்பறையை அடைந்தபோது ஐந்து ஆங்கிலச் சொற்களும் குழுவாக உட்காரவைத்தலும் மட்டுமே மிஞ்சின. பல இடங்களில் குழுவாக உட்கார்ந்த பிள்ளைகள் முன்போலவே கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தனர்.

ஆங்கிலமொழி மூலக் கற்பித்தலும் இப்படித்தான். 2001 இல் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் தொடங்கி அடுத்தடுத்து ஆறாம் தரத்திலிருந்தும் அது விரிந்தபோது எமது நகர்ப்புறப் பாடசாலைகள் ஆர்வத்துடன் அதைத் தொடங்கின. பெற்றோரும் அதையே விரும்பினர். தமிழில் பயின்று தமிழில் பயிற்சி பெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தேவையான நீண்டகால மொழிப் பயிற்சி மட்டும் அந்த வேகத்தில் கிடைக்கவில்லை.

எது பயன் தருகிறது என்று கேட்டால், பாடசாலைக்குள்ளேயே தொடர்ந்து நடப்பதுதான். ஜப்பானில் ‘பாட ஆய்வு’ என்ற வழக்கம் நூறு வருடங்களுக்கும் மேலானது. ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க ஏனையோர் பின்வரிசையில் நின்று மாணவரைக் கவனித்து, பிறகு கூடிப் பேசி அதே பாடத்தைத் திருத்துவார்கள். வெளியிலிருந்து வளவாளரும் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. எமது நாட்டிலும் ‘பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி’ என்ற பெயரில் இதற்கு இடம் தரப்பட்டது. பாடசாலை தனக்குத் தேவையான பயிற்சியைத் தானே திட்டமிட்டு, அதற்கென ஒரு சிறு தொகையையும் பெறலாம். அதிபர் அக்கறையுள்ளவராக இருந்த இடங்களில் நல்ல பலன் கிடைத்தது. மற்ற இடங்களில் ஒருநாள் விரிவுரை, பகல் சாப்பாடு, புகைப்படம், அறிக்கை என்று முடிந்தது. நேரசூசியில் வாரம் ஒரு பாடவேளையாவது ஒரே பாட ஆசிரியர்கள் கூடிப் பேச ஒதுக்கப்படாத வரை இது மாறுவது கடினம்.

சம்பளமும் டியூஷனும்

தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது சம்பளத்தைத் தவிர்ப்பது நேர்மையாகாது. 1997 இல் பி.சி. பெரேரா சம்பள ஆணைக்குழுவின் பரிந்துரைகளோடு தொடங்கியதாகத் தொழிற்சங்கங்கள் கூறும் ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு கால் நூற்றாண்டு இழுபட்டது. 2021 ஜூலையில் தொடங்கி சுமார் மூன்று மாதங்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகி அவர்கள் நடத்திய போராட்டத்தின் பின்னரே கோரிய அதிகரிப்பின் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரி முதல் கிடைத்தது. மிகுதிக்கான கோரிக்கை அதன் பின்னரும் வீதிக்கு வந்தது.

இதன் விளைவு எமது வீட்டுச் செலவுப் பட்டியலில் இருக்கிறது. பெயர்பெற்ற ஆசிரியருக்கு அரச சம்பளத்தைவிட மாலை நேர வகுப்பு பல மடங்கு தருகிறது. அவரது திறமைக்கு உண்மையான ‘பதவியுயர்வு’ தருவது பிரமாணக் குறிப்பு அல்ல, டியூஷன் சந்தைதான். இலவசக் கல்வி நாட்டில் தரம் மூன்றிலிருந்தே புலமைப்பரிசில் வகுப்புக்கு மாதாமாதம் பணம் கட்டும் குடும்பங்கள் இதை அறிவார்கள். கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைக்குப் பாடசாலை வகுப்பறை மட்டுமே மிச்சம். ஆசிரியர் கொள்கை தவறும்போது முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளைதான்.

இடமாற்றமும் இதே கதையைத்தான் சொல்கிறது. 2007/20 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தின் மூலம் தேசிய ஆசிரியர் இடமாற்றக் கொள்கை வகுக்கப்பட்டது. கஷ்டப் பிரதேசச் சேவை எல்லோருக்கும் பகிரப்பட வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் ‘தற்காலிக இணைப்பு’ என்ற பின்கதவு எப்போதும் திறந்திருக்கிறது. அரசியல்வாதியின் கடிதம், மருத்துவச் சான்றிதழ், தெரிந்த அதிகாரி. பெயர் ஒரு பாடசாலையின் இடாப்பில் இருக்க ஆள் வேறொரு பாடசாலையில் இருப்பார். மூதூர், முசலி, பொத்துவில் போன்ற பிரதேசங்களின் உட்கிராமப் பாடசாலைகள் இதனால் புதியவர்கள் வந்து பழகிவிட்டுப் போகும் இடங்களாகின்றன. கஷ்டப் பிரதேசத்தில் நன்றாகக் கற்பித்த வருடங்களுக்குப் பதவியுயர்வில் தனிக் கணக்கு வைத்தால் சிலராவது விரும்பித் தங்குவர். தண்டனை இடமாற்றமாகக் கிராமத்தைப் பயன்படுத்தும் வழக்கம் இருக்கும்வரை அது நடக்காது.

எமது சமூகத்துக்குள்

எமது பாடசாலைகளின் ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் மொடியூல் வகுப்புகளும் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில், தூர நகரங்களில் நடக்கின்றன. கைக்குழந்தையுடன், சிலவேளை கணவர் மத்திய கிழக்கில் இருக்க, காலை ஐந்து மணி பஸ்ஸில் ஏறிச் செல்லும் ஆசிரியை எத்தனை பேர்! குடும்பத்தில் உம்மாவோ மாமியோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முன்வந்த ஆசிரியைகள் முன்னேறினர். மற்றவர்கள் தரம் 2 இல் நின்றுவிட்டனர். திறமைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையங்களும் இணையவழி வகுப்புகளும் ஓரளவு உதவுகின்றன. அதிபர் சேவைக்கு விண்ணப்பிக்க “வீட்டில் விடமாட்டார்கள்” என்ற பதிலை நாமே மாற்ற வேண்டியிருக்கிறது. கலவன் பாடசாலைகளை விடுவோம், பெண்கள் பாடசாலைகளுக்கே பெண் அதிபர் கிடைக்காத நிலை சில ஊர்களில் உண்டு.

இஸ்லாம் பாட ஆசிரியர் நிலைமை தனியே சொல்லப்பட வேண்டியது. மௌலவி ஆசிரியர் நியமனங்கள் நீண்ட இடைவெளிகளில்தான் வழங்கப்பட்டு வந்துள்ளன. ஓய்வுபெறுவோரின் இடம் நிரம்பாமல், வேறு பாட ஆசிரியர்கள் இஸ்லாம் பாடத்தையும் சேர்த்துக் கற்பிக்கின்றனர். நியமனம் பெற்றவர்களுக்கும் மத்ரஸாவில் பெற்ற ஆழமான அறிவை நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பறைக்கு ஏற்றவாறு கொண்டுசெல்லும் கற்பித்தற் பயிற்சி தேவை. நியமனக் கோரிக்கையை எழுப்பும் எமது அமைப்புகள் பயிற்சிக் கோரிக்கையையும் அதே மனுவில் சேர்த்துக்கொள்வது நல்லது.

பெற்றோர் ஆசிரியரின் பதவியுயர்வில் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. ஆனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பூச்சு வேலையும் வாயில் கோபுரமும் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு பகுதியையாவது வேறு கேள்விகளுக்கு ஒதுக்கலாம். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு இந்தத் தவணை எத்தனை பாடவேளைகள் ஆசிரியரின்றிக் கழிந்தன? இடாப்பில் பெயருள்ள எல்லோரும் இங்கேதான் கற்பிக்கிறார்களா? ஆசிரிய ஆலோசகர் கடைசியாக எப்போது வந்தார், யாருடைய வகுப்பைப் பார்த்தார்? பாடசாலை மட்ட வாண்மை விருத்திக்கு வந்த பணம் எதற்குச் செலவானது? நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், அவரது வகுப்பை இளம் ஆசிரியர்கள் பார்க்க நேரசூசியில் இடம் செய்ய முடியுமா? கடைசிக் கேள்விக்கு அமைச்சின் அனுமதியோ நிதியோ வேண்டியதில்லை. அடுத்த தவணையின் நேரசூசி தயாராகும் வாரத்தில் அதிபரும் பகுதித் தலைவர்களும் உட்கார்ந்து செய்துவிடக்கூடிய வேலை அது.